ஐந்தாம் பட்டை

நவம்பர் 21, செவ்வாய்

புயல் நேற்று கரை கடந்துவிட்டது. போகிற போக்கில் என் அச்சாபீஸ் பெயர்ப்பலகையைப் பிடுங்கி எதிர்வரிசைப் பல் டாக்டர் வாசலில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் காலையில் அங்கே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஊரெல்லாம் இதே பேச்சு. கிளப்பிவிட்டவன் நான்தான்.

மத்தியானம் ராவுத்தர் ஜீப்பை அனுப்பினார். கீழமுனையிலிருந்து மீன்பிடிக்கப் போன படகு ஒன்று திரும்பவில்லை. ஐந்து பேர். நாளை காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.

புது நோட்டு என்பதால் ஒரு முறை எழுதி வைக்கிறேன், பேரன் பேத்தி படித்தால் தாத்தாவை ராணுவம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்களுடையது கடலோரத் தன்னார்வ வான் துணைப்படை. பெயர்தான் நீளம், ஆட்கள் பதினோரு பேர். அரைக்கிழடுகள். அரிசி மில் வைத்திருக்கும் ஜமால் முகைதீன் ராவுத்தர் தலைவர், விமானி. சாத்தனேந்தலில் சண்டைக்காலத்தில் போட்ட ஓடுதளம், நான்கு இருக்கை விமானம் ஒன்று. வெள்ளத்தில் மருந்து போடுவோம், ஏரிக்கரை உடைந்தால் மேலிருந்து பார்த்துச் சொல்வோம், படகு காணாமல் போனால் தேடுவோம். சம்பளம் கிடையாது. காக்கிச் சட்டை மட்டும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் "பைலட்டு வர்றாரு" என்பார்கள். நான் மறுப்பதில்லை.

உண்மையில் நான் விமானத்தின் ஒரு கண். இடது கண். பின்னிருக்கையில் இடது ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது என் வேலை.

என் மனைவி கனகாம்புஜம் சொன்னாள்: "எதிர்ல இருக்கற உப்புக் கிண்ணம் கண்ணுக்குத் தெரியாது. இவரு கடல்ல படகத் தேடப் போறாராம்."

நவம்பர் 22, புதன்

ஏறுவதற்கு முன் எல்லாரும் எடை பார்க்க வேண்டும். ராவுத்தரின் மில்லிலிருந்து கொண்டுவந்த நெல் மூட்டைத் தராசுதான். நான் தொண்ணூற்றொன்று. "ஒன்னேகால் மூட்டை" என்றார் ராவுத்தர். அவருக்கு உலகமே மூட்டைக் கணக்கு. எஸ்தர் டீச்சர் ஐம்பத்தாறு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, முன்னால் ராவுத்தருக்குப் பக்கத்தில் உட்காரும் வலது கண். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, விசில் ஊதித்தான் பார்த்திருக்கிறார்கள்.

கடலைப் பட்டை பட்டையாகப் பிரித்து வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறோம். ஒரு பட்டையின் நடுவில் பறந்தால் இடது பாதி எனக்கு, வலது பாதி டீச்சருக்கு. அவரவர் பக்கம் அவரவர் கண். மற்றவர் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, இரண்டையும் பார்ப்பவன் எதையும் பார்ப்பதில்லை என்பது ராவுத்தர் கட்சி. பட்டை முடிந்ததும் இருவரும் தனித்தனியாக "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பட்டைக்கு நீலப் பென்சில் பூசப்படும். நீலம் பூசிய இடத்துக்கு மறுபடி போவதில்லை. பெட்ரோல் அளவோடு வருகிறது, கடல் அப்படி வரவில்லை.

இன்று ஆறு பட்டை முடித்தோம். கடல் இன்னும் கலங்கல், மேகத்துக்குக் கீழே தாழப் பறந்ததால் ஒரே குலுக்கல். காலையில் தின்ற ஆறு இட்லியும் நான்காம் பட்டையில் வெளியே வந்தன. அச்சில் கெட்டுப்போன கல்யாணப் பத்திரிகைகளை ஒட்டிப் பை செய்து வைத்திருக்கிறேன், அதற்கு உபயோகப்பட்டது. 'தங்கள் நல்வரவை நாடும்' என்று பளபளப்பாக ஒரு வரி கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று.

ஐந்தாம் பட்டையில் தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டேன். கண்ணாடி குளிர்ச்சியாக இருந்தது. ஒரு நிமிடம்தான். ஆறாம் பட்டைக்கு விமானம் திரும்பியபோது டீச்சர் "எழுதிட்டீங்களா சார்?" என்றார். எழுதினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லைதான்.

நவம்பர் 23, வியாழன்

ஏழாம் பட்டையிலிருந்து பன்னிரண்டு வரை. மிதக்கும் வாழைமரங்கள், ஒரு கட்டில், ஒரு செத்த எருமை. எருமையை எழுதியிருக்க வேண்டாம் என்றார் டீச்சர். பார்த்ததையெல்லாம் எழுத வேண்டும் என்பது விதி என்றேன். விதிகள் விஷயத்தில் நான் கறாரானவன்.

ஐந்தாம் பட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பேச்சுவாக்கில் ராவுத்தரிடம் கேட்டேன். பதினொரு நிமிடமாம். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

நவம்பர் 24, வெள்ளி

அஞ்சம்மா என்று ஒரு பெண் ஓடுதளத்துக்கு வந்திருக்கிறாள். காணாமல் போன படகின் சுக்கான் பிடித்த கலியமூர்த்தியின் மனைவி. முப்பத்தைந்து இருக்கும். அழவில்லை, கும்பிடவில்லை. விமானத்தின் வாலை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு இறக்கையின் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். போன சித்திரையில் நாங்கள் கீழமுனைக்குப் போய்க் கூட்டம் போட்டோமே, அதில் முன்வரிசையில் இருந்தாளாம். நான் அடித்த நகைச்சுவைகளை வரிசையாகச் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். என் நகைச்சுவை அவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பிறகு சொன்னாள்: "விமானத்துல ஆளு மூஞ்சி தெரிஞ்சா ஒங்கள பாத்தாச்சுன்னு அர்த்தம், அங்கனயே நங்கூரத்த போட்டுட்டு நகராம கெடங்க, படகு அனுப்புவோம்னீங்கல்ல ஐயா. எங்க வூட்டுக்காரரு அப்புடித்தான் கெடப்பாரு. சொன்ன பேச்சு மீற மாட்டாரு."

கூட்டத்தில் இதையே நோட்டீசாகவும் கொடுத்தோம், என் அச்சகத்தில்தான் அடித்தது. தாள் நல்ல தாள்.

பதினெட்டாம் பட்டை வரை. ஒன்றும் இல்லை. மாலையில் தூறல்.

நவம்பர் 25, சனி

இன்று ஒரு வேடிக்கை. ஓடுதளத்தின் ஓரமாக ஐம்பது அடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கல் நட்டிருக்கிறோம். எங்கள் விமானம் இந்தப் பாரத்துக்குப் பன்னிரண்டாம் கல்லில் தரையை விடும். நான்கு வருஷமாக அதே கல். இன்று காலையும் அதே. மத்தியானம் பதின்மூன்று.

இறங்கியதும் ராவுத்தர் என்னைத் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றொன்று. இட்லியைக் குறைத்திருக்கிறேன் என்பதால் எனக்குக் கோபம் வந்தது. மெக்கானிக் டயர் காற்று, எண்ணெய், எல்லாம் பார்த்தான். எதிர்காற்று இல்லையோ என்றார்கள். காற்று இருந்தது.

"ஒரு மூட்டை நெல்லு ஏத்துன மாதிரி இழுக்குது" என்றார் ராவுத்தர். பெட்ரோல் அளவைக் குச்சியை விட்டுப் பார்த்தார். பெட்ரோலும் மூட்டைக்குத் தகுந்தாற்போல் கூடுதலாகச் செலவாகியிருந்தது.

என் பக்கத்து இருக்கை காலிதான். கீழே போடுவதற்கான தண்ணீர் டின்கள் இரண்டு மட்டும் அதன் காலடியில் இருக்கும். எடையில் அவையும் சேர்த்தி. இன்று இறங்கும்போது அந்த இருக்கையில் கையை ஊன்றினேன். ஈரம். டின் ஒழுகுகிறது என்று நினைத்து நக்கிப் பார்த்தேன். எதையும் வாயில் வைத்துப் பார்ப்பது எனக்குச் சின்ன வயசுப் பழக்கம், கனகாம்புஜம் இதற்காகவே என்னைப் பலகாரக் கடைக்கு அழைத்துப்போவதில்லை.

உப்பு.

கடல் மேலே பறக்கிறோம், உப்புக் காற்று.

நவம்பர் 26, ஞாயிறு

பதினான்காம் கல்.

எஸ்தர் டீச்சர் ஆராதனைக்குப் போகாமல் வந்திருந்தார். புயலடித்த நாளிலிருந்து நீரோட்டம் தெற்கே இழுக்கிறது என்று கணக்குப் போட்டு இன்னும் தெற்கே தேடினோம். படகு மிதந்து போய்க்கொண்டிருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும். மிதந்துகொண்டிருந்தால்.

இருபத்திரண்டாம் பட்டையில் ராவுத்தர் திரும்பி, "வைத்தி, பின்னால என்னா சத்தம்?" என்று கேட்டார். என்ன சத்தம் என்றேன். "பெல்ட்டு போடுற சத்தம்." என் பெல்ட் புறப்படும்போதே போட்டது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். அதன் பெல்ட் மாட்டியிருந்தது. யாருமற்ற மடியில் இழுத்து மாட்டியதுபோல் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. தளர்ந்து விழவில்லை.

நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவிழ்க்கலாம் என்று கையை நீட்டினேன், பிறகு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். நனைந்த வலை வாசனை அடித்தது.

அஞ்சம்மா அதே நிழலில் உட்கார்ந்திருந்தாள். நிழல் நகர்ந்தால் அவளும் நகர்கிறாள். இன்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்று. இடது பக்கம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

நவம்பர் 27, திங்கள்

காலையில் பதினான்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பியபோது பதினைந்து.

கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வந்தார். ஏழு நாளாகிவிட்டது, நாளையோடு பெட்ரோல் நிறுத்தம். நாளை ஒரே ஒரு முறை போகலாம். ராவுத்தர் மேசை மேல் வரைபடத்தை விரித்தார். நீலம், நீலம், நீலம். தெற்கில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

நான் சொன்னேன், ஐந்தாம் பட்டையில் அன்றைக்கு என் பக்கம் வெயில் கொஞ்சம் கூசியது, ஒரு முறை சும்மா பார்த்துவிடலாமே என்று.

ராவுத்தர் பதில் சொல்வதற்குள் டீச்சர் சொன்னார்: "அன்னைக்கு வெயிலே இல்ல சார்."

அந்த அம்மாள் விடவில்லை. எங்களிடம் இன்னொரு விதி இருக்கிறது. போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்று எழுதினால் அந்தப் பட்டைக்கு மறுபடி போகலாம். ஆனால் அடித்தவர் அதற்குப் பிறகு விமானத்தில் ஏறக் கூடாது. ஒரு முறை பொய்யாகப் பார்த்த கண்ணை நம்பி யாரும் உயிரை விடக் கூடாது என்று ராவுத்தர் வைத்தது. "அடிக்கிறீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். கடைத்தெருவில் "என்ன பைலட், ஏதாச்சும் ஆப்ட்டுச்சா?" என்றார்கள். காக்கிச் சட்டையைக் கனகாம்புஜம் தோய்த்துப் பெட்டி போட்டு வைத்திருக்கிறாள். காலர் கஞ்சியில் நிற்கிறது.

ஒவ்வொன்றாகக் கூடி இப்போது மூன்று கல் அதிகம். அதாவது மூன்று மூட்டை. காற்று, உஷ்ணம், எத்தனையோ காரணம் இருக்கும்.

நவம்பர் 28, செவ்வாய்

ஆறு மணிக்கே போய்விட்டேன். டீச்சர் அதற்கும் முன்பே வந்து பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். 22ஆம் தேதி, ஐந்தாம் பட்டை, இடது பக்கம் என்ற வரியில் என் கையெழுத்து. அழகான கையெழுத்து, நானே அதைப் பார்த்துப் பெருமைப்பட்டதுண்டு. அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'வாந்தி. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். பார்க்கவில்லை.'

ராவுத்தர் படித்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "பதினொரு நிமிசமுமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நான்கு வருஷத்தில் முதல் முறையாக அவர் என் பெயரைச் சொல்லாமல் பேசினார்.

என் இடத்துக்கு ஆள் வேண்டும். பதினோரு பேரில் அந்த நேரத்துக்கு வேறு யாரும் இல்லை. அஞ்சம்மா நிழலிலிருந்து எழுந்து வந்து தராசில் ஏறி நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்தாறு. என்னில் பாதி. அப்படியானால் பதினோராம் கல்லிலேயே எழும்ப வேண்டும்.

நான் தரையில் நின்று எண்ணினேன். பதினொன்று போயிற்று. பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்காம் கல்லில்தான் சக்கரம் தரையை விட்டது. பின் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்திலும் ஏதோ தெரிந்ததுபோல் இருந்தது. என் கண் சொன்னதை இனி யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானும் எழுதவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து வயர்லெஸ்ஸில் ராவுத்தர் குரல். ஐந்தாம் பட்டை, நடுப்பகுதி, இடது பக்கம். நங்கூரம் போட்டு நிற்கிறது.

டீச்சர் பிறகு சொன்னது: அஞ்சம்மா கத்தவில்லை. ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "தோ நிக்கிது" என்றாள். இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றாள். தண்ணீர் டின்களைப் போடச் சொன்னாள். இன்னொரு முறை சுற்றச் சொன்னாள். சுற்றினார்கள். ஒருத்தர் படுத்திருக்கிறார் என்றாள்.

நவம்பர் 29, புதன்

மீன்வளத்துறை விசைப்படகு போய்க் கொண்டுவந்துவிட்டது. உயிரோடு இரண்டு பேர். சனிக்கிழமை மத்தியானம் ஒருவர், ஞாயிறு விடிகாலை ஒருவர் போய்விட்டார்கள், அவர்களைக் கடலிலேயே விட்டிருக்கிறார்கள். படகில் கிடந்தது கலியமூர்த்தி. அவர் போனது திங்கட்கிழமை சாயங்காலம்.

மூன்று தேதிகளையும் எழுதிவிட்டேன். கல் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ராவுத்தர் இன்று விமானத்தைத் தனியாக, எங்கள் எடைக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாராம். பன்னிரண்டாம் கல்.

டிசம்பர் 1, வெள்ளி

ஊரில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? "வைத்திதான் விடாப்பிடியா நின்னு மறுபடி தேட வெச்சாராம்." வர்த்தக சங்கத்தில் பொன்னாடை போடப்போகிறார்கள். இந்த ஊரில் வதந்தி எப்படிக் கிளம்பும் என்பது எனக்கு அத்துப்படி, பாதிக்கு மேல் நானே மூலவர். இதை நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. பிழைத்தவர்களில் சிங்காரு என்பவர், இன்ஜின் பார்ப்பவர், உதடெல்லாம் வெடித்துக் கிடந்தார். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் அஞ்சம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றாள். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் சொன்னார்:

"இந்த மூஞ்சிதான் அக்கா. மொத நாளு வந்தது. எவ்ளோ கிட்டக்க. கண்ணாடில கன்னத்த வெச்சு எங்களயே பாத்துக்கிட்டு இருந்தாரு. நாங்க சட்டையக் கழட்டி ஆட்டுனோம். கலியமூர்த்தியண்ணந்தான், பாத்தாச்சுடா, நங்கூரத்தப் போடுன்னாரு. பாத்தாச்சுல்ல, ராத்திரிக்குள்ள வந்துருவாங்கன்னு மிச்சம் இருந்த தண்ணிய அஞ்சு பேருமா வவுறு முட்டக் குடிச்சோம். அண்ணன்தான் ஊத்திக் குடுத்துச்சு. அளந்து குடிச்சா ஒரு வாரத்துக்கு வர்ற தண்ணி."

பிறகு என்னைப் பார்த்து, ஏன் இத்தனை நாளாயிற்று என்று கேட்டார். குற்றம் சொல்லவில்லை. ரோடு சரியில்லையா, படகு கிடைக்கவில்லையா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.



அஞ்சம்மா கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க பாத்தீங்களா ஐயா?"

"கண்ண மூடிக்கிட்டு இருந்தேம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்காரு கையை விடவில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னமும் நன்றியோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 4, திங்கள்

பொன்னாடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன், பதிவேட்டில் எழுதிய மூன்று வாக்கியத்தை அப்படியே. சங்கத் தலைவர் இருமினார். நான் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் சாதனையை முறியடிக்கும் வேகம். "பைலட்டு" என்று இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். காக்கிச் சட்டையை அச்சு இயந்திரம் துடைக்கக் கொடுத்தேன். கனகாம்புஜம் அதைத் திரும்ப எடுத்து மடித்து வைத்தாள்.

டிசம்பர் 6, புதன்

அஞ்சம்மா அச்சகத்துக்கு வந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். என்ன அடிக்க வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் அடிக்க வேண்டாம் என்று தலையாட்டினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. நான் குனிந்து அச்சுப் பிழை திருத்துவதுபோல் பாவனை செய்தேன். அரைமணி நேரம் கழித்து எழுந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு கடைசியா நம்புன மூஞ்சி. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்றாள்.

டிசம்பர் 7, வியாழன்

வந்தாள். அச்சு இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிரும். அவள் உட்கார்ந்திருக்கிற வரை அதிரவில்லை. கனமான எதையோ தரையில் இறக்கி வைத்த மாதிரி அடங்கிக் கிடந்தது. அச்செழுத்துக் கோப்பவர் தானாகவே ஜன்னலைத் திறந்தார், மீன் வலை நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே.

தாங்க முடியாமல் ஒரு கணம் கண்ணை மூடினேன்.

"மூடாதீங்க ஐயா" என்றாள் மெதுவாக. "நாலு பேரும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

டிசம்பர் 8, வெள்ளி

இன்று வேலைக்காரரிடம் மேசைக்கு எதிரே நான்கு நாற்காலி போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். ஆள் வருகிறார்கள் என்றேன்.

பதினொரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாற்காலிகளும் நனைந்திருந்தன. நாலாவதில் அவள்.